காரும் காற்றும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் வாகனப் பொறியியல் பாடம் நடத்தி வருகிறேன். வகுப்பில் மாணவர்கள் கேட்பதைவிட, வாடகைக் கார் ஓட்டுநர்களும், புதுக் கார் வாங்கப் போகும் உறவினர்களும், விடுமுறைக்குச் சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்களும் கேட்பவை அதிகம். திருச்சிக்கும் மதுரைக்கும் போகும் சாலைகள் அகலமான பிறகு நாம் ஓட்டும் வேகம் கூடிவிட்டது. வேகம் கூடியதும் காற்றைப் பற்றிய கேள்விகளும் கூடிவிட்டன. திரும்பத் திரும்ப வருகிறவற்றை விடைகளோடு இங்கே எழுதி வைக்கிறேன். கணக்குகள் எல்லாவற்றுக்கும் ஒரே காரை எடுத்துக்கொண்டிருக்கிறேன்: எடை 1,200 கிலோ, முன்பரப்பு 2.1 சதுர மீட்டர், இழுவைக் கெழு 0.35. நம் தெருக்களில் ஓடும் நடுத்தர ஹேட்ச்பேக் கார் ஒன்றுக்கு இந்த அளவுகள் பொருந்தும். முன்பரப்பு, இழுவைக் கெழு என்றால் என்ன என்பதைக் கீழே சொல்கிறேன்.

காற்றியக்கவியல் பந்தயக் காருக்கு உரியது அல்லவா? நம் ஊர் ஓட்டத்துக்கு அது எதற்கு?

சமதளச் சாலையில் சீராக ஓடும் காரைப் பின்னுக்கு இழுப்பவை முக்கியமாக இரண்டு. ஒன்று, டயர்கள் உருளும்போது நசுங்கி நிமிர்வதால் உண்டாகும் உருளல் தடை. நாம் எடுத்துக்கொண்ட காருக்கு அது சுமார் 140 நியூட்டன். வேகம் கூடினாலும் அது பெரிதாக மாறுவதில்லை. மற்றொன்று காற்றுத் தடை. காரைக்குடிக் கடைத்தெருவில் மணிக்கு 30 கிலோமீட்டரில் ஊர்ந்து போகும்போது அது வெறும் 30 நியூட்டன்தான். ஓட்டுகிறவருக்கு அது இருப்பதே தெரியாது. 65 கிலோமீட்டரை எட்டும்போது காற்றுத் தடையும் உருளல் தடையும் சமமாகிவிடுகின்றன. 100 கிலோமீட்டரில் காற்றுத் தடை சுமார் 330 நியூட்டன் ஆகிறது. 33 கிலோ மூட்டை ஒன்றைத் தூக்கிப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டுமோ அவ்வளவு விசையை, பயணம் முழுவதும் எஞ்சின் காற்றுக்கு மட்டுமே கொடுத்துக்கொண்டிருக்க வேண்டும். அந்த வேகத்தில் மொத்தத் தடையில் பத்தில் ஏழு பங்கு காற்றினுடையது. ஆகவே திருமயம் தாண்டித் திருச்சி நோக்கி விரையும் எந்தக் காருக்கும் இது சொந்தப் பிரச்சினைதான்.

வேகம் இரு மடங்கானால் காற்றுத் தடை ஏன் நான்கு மடங்காகிறது?

வேகம் இரு மடங்கானால் ஒரு நொடியில் கார் எதிர்கொள்ளும் காற்றின் அளவு இரு மடங்காகிறது. அந்தக் காற்றின் ஒவ்வொரு துளியையும் இரு மடங்கு வேகத்தோடு விலக்கித் தள்ளவும் வேண்டியிருக்கிறது. இரண்டையும் பெருக்கினால் நான்கு. இது விசைக்கான கணக்கு. எஞ்சின் தர வேண்டிய திறன் விசையோடு வேகத்தையும் பெருக்கி வருவதால் அது எட்டு மடங்காகிவிடும். நம் காருக்கு 50 கிலோமீட்டரில் காற்றை விலக்க ஒன்றரைக் குதிரைத்திறன் போதும். 100 கிலோமீட்டரில் 12 குதிரைத்திறனுக்குச் சற்று மேல் வேண்டும். அதிவேகக் கார்கள் கடைசி இருபது முப்பது கிலோமீட்டர் வேகத்தைக் கூட்டுவதற்கு அவ்வளவு பெரிய எஞ்சினைச் சுமப்பது இதனால்தான்.

இழுவைக் கெழு என்று விளம்பரங்களில் ஓர் எண் வருகிறதே, அது என்ன?

ஒரு வடிவம் காற்றை எவ்வளவு தொந்தரவு செய்கிறது என்பதைச் சொல்லும் எண் அது. அளவு எதுவாக இருந்தாலும் வடிவத்தை மட்டும் அது எடை போடுகிறது. காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும் கனசதுரத்துக்கு அது 1-ஐ ஒட்டியும், உருண்டைக்கு 0.5-ஐ ஒட்டியும், முன்னே பருத்துப் பின்னே நீண்டு மெலியும் மீன் போன்ற வடிவத்துக்கு 0.05-க்கும் கீழேயும் இருக்கும். இன்றைய கார்கள் பெரும்பாலும் 0.25-க்கும் 0.40-க்கும் இடையில் வருகின்றன.

ஆனால் இந்த எண்ணை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. தடையைத் தீர்மானிப்பது கெழுவும் முன்பரப்பும் சேர்ந்த பெருக்கல். காரை நேர் எதிரே நின்று புகைப்படம் எடுத்தால் படத்தில் அது அடைக்கும் பரப்புதான் முன்பரப்பு. உயரமான எஸ்யூவி ஒன்றும் தாழ்வான செடான் ஒன்றும் ஒரே கெழுவைக் கொண்டிருந்தாலும் எஸ்யூவிதான் கூடுதலான காற்றைத் தள்ளும். 0.38 கெழுவும் 2.7 சதுர மீட்டர் முன்பரப்பும் உள்ள எஸ்யூவியை, 0.30 கெழுவும் 2.2 சதுர மீட்டரும் உள்ள செடானோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முன்னதன் காற்றுத் தடை பின்னதைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. கார் வாங்கும் உறவினர்கள் மைலேஜைப் பற்றிக் கேட்கும்போது நான் முதலில் உயரத்தையும் அகலத்தையும்தான் கேட்கிறேன்.

காற்றைக் கிழித்துக்கொண்டு போக முன்பக்கம் கூர்மையாக இருந்தால் போதாதா?

போதாது. நான் சந்திக்கும் தவறான எண்ணங்களில் மிகப் பரவலானது இது. நம் வேகங்களில் முன்பக்கம் கூர்மையாக இருக்க வேண்டிய தேவையே இல்லை. விளிம்புகள் வளைந்து உருண்டிருந்தால் காற்று அதன்மேல் ஒட்டிக்கொண்டு சுற்றிப் போய்விடும். சிக்கல் பின்பக்கத்தில் இருக்கிறது. கூரையின்மேல் ஓடிவந்த காற்று, கார் முடியும் இடத்தில் சட்டென்று கீழே இறங்கித் திரும்ப முடியாமல் பிய்த்துக்கொள்கிறது. அப்படிப் பிய்ந்த இடத்தில் அழுத்தம் குறைந்த, சுழல்கள் நிறைந்த ஒரு பை உண்டாகி, காரோடு கூடவே இழுபடுகிறது. முன்னே அழுத்தம் கூடுதலாகவும் பின்னே குறைவாகவும் இருப்பதால், காரை யாரோ பின்னாலிருந்து உறிஞ்சுவது போன்ற விசை தோன்றுகிறது. காரின் காற்றுத் தடையில் பெரும்பகுதி இதுதான்.

இதைக் கண்ணால் பார்க்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கோடையில் பள்ளத்தூர் பக்கமோ ஆத்தங்குடி பக்கமோ செம்மண் புழுதிச் சாலையில் ஒரு ஹேட்ச்பேக் காரை ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். முன் கண்ணாடி ஓரளவு துப்புரவாக இருக்கும். பின் கண்ணாடியில் மட்டும் செம்பொடி அப்பியிருக்கும். சக்கரங்கள் கிளப்பிய புழுதியை அந்தச் சுழல் பை உள்ளே இழுத்துப் பின் கண்ணாடியில் அடிக்கிறது. டிக்கி நீண்ட செடான் காரில் கூரைக் காற்று பின் கண்ணாடியை ஒட்டியே இறங்குவதால் கண்ணாடியில் அவ்வளவு அழுக்குப் படிவதில்லை. ஹேட்ச்பேக் கார்களுக்குப் பின்னால் வைப்பர் தேவைப்படுவதும், பல செடான்களுக்கு அது இல்லாமலே போவதும் இந்தக் காரணத்தால்.

அப்படியானால் பின்பக்கம் எப்படி இருக்க வேண்டும்?

காற்றுக்குப் பிடித்தது மீன் வால்போல நீண்டு மெலியும் பின்பக்கம். அப்படிப்பட்ட காரை முதலில் செய்து பார்த்தவர்களின் பெயர்கள் இன்று பலருக்குத் தெரியாது. எட்முண்ட் ரும்ப்ளர் என்ற ஆஸ்திரியப் பொறியாளர் 1921-இல் நீர்த்துளி வடிவக் கார் ஒன்றைப் பெர்லின் கண்காட்சியில் வைத்தார். 1979-இல் அந்தக் கார்களில் ஒன்றைக் காற்றுச் சுரங்கத்தில் (விசிறியால் காற்றைச் செலுத்திச் சோதிக்கும் கூடத்தில்) வைத்து அளந்தபோது இழுவைக் கெழு 0.28 என்று வந்தது. இன்றைய பல கார்களுக்கும் அது எட்டாத அளவு. எனினும் அந்தக் கார் விற்கவில்லை. 1934-இல் வந்த கிரைஸ்லர் ஏர்ஃப்ளோவையும் மக்கள் அவ்வளவாக வாங்கவில்லை. அவ்வளவு நீளமான வாலோடு தெருவில் திரும்பவும் முடியாது, வண்டியை நிறுத்தவும் முடியாது.

இதற்கு விடை கண்டவர் வூனிபால்ட் காம் என்ற ஜெர்மானியப் பேராசிரியர். வால் மெலியத் தொடங்கிய பிறகு ஓர் இடத்தில் அதைச் செங்குத்தாக வெட்டிவிட்டாலும், காற்று முழு வாலும் இருப்பது போலவே பெரும்பாலும் நடந்துகொள்கிறது என்று 1930-களில் அவர் காட்டினார். டொயோட்டா பிரியஸ் காரின் கூரை மெல்லச் சரிந்து பின்னால் கத்தரித்தாற்போல முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அது காமின் வழி.

சரிவு எவ்வளவு இருக்கலாம் என்பதிலும் நுட்பம் இருக்கிறது. 1984-இல் அகமது என்ற ஆய்வாளரும் அவருடைய சகாக்களும் முன்னே உருண்டு பின்னே சரிவாக வெட்டப்பட்ட எளிய மாதிரிப் பெட்டி ஒன்றை வைத்து ஆராய்ந்தார்கள். பின் சரிவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டியபோது தடை முதலில் சற்றுக் குறைந்தது. பிறகு இரு பக்க விளிம்புகளிலும் முறுக்கிய கயிறு போன்ற வலிய சுழல்கள் தோன்றி, 30 பாகைச் சரிவை நெருங்கும்போது தடை உச்சத்துக்குப் போனது. அதைத் தாண்டியதும் காற்று முற்றிலும் பிய்ந்து தடை திடீரென்று இறங்கியது. ஒரே ஒரு பாகை வேறுபாட்டில் காரின் குணமே மாறிவிடும் என்பதை நான் மாணவர்களுக்குச் சொல்லும்போது, நம்ப மாட்டாமல் அவர்கள் முகம் மாறுவதை ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன். அந்தப் பெட்டியை இன்றும் உலகமெங்கும் மாணவர்கள் கணினியில் வரைந்து சோதிக்கிறார்கள். எங்கள் மாணவர்களும் அதில்தான் தொடங்குகிறார்கள்.

பழைய அம்பாசடர் எங்கும் உருண்டை உருண்டையாக இருந்ததே, அது காற்றுக்கு இசைவான வடிவம்தானே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் பெரும்பாலும் அந்தக் காரை வீட்டில் வைத்திருந்தவர்கள். கேள்வியில் இருக்கும் பாசத்தை நான் மதிக்கிறேன். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டை அடிப்படையாகக் கொண்டு செய்யப்பட்டு 2014 வரை உற்பத்தியான கார் அது. உருண்டை என்பது மட்டும் போதாது. அதன் முன் கண்ணாடி நிமிர்ந்து நிற்கிறது. கூரையோரத்தில் மழைநீர் வடியும் விளிம்பு துருத்திக்கொண்டிருக்கிறது. பம்பர் உடலிலிருந்து தனியே நீண்டு நிற்கிறது. அடிப்பக்கம் முழுவதும் திறந்து கிடக்கிறது. இப்படித் துருத்தும் ஒவ்வொன்றும் காற்றைத் தடுக்கி விழச்செய்கிறது. இன்னும் உருண்டையான பழைய ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் கெழு 0.48-ஐ ஒட்டியது. முதுகு மிகச் செங்குத்தாக இறங்கியதால் காற்று அதன்மேல் ஒட்டி நிற்க முடியவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் பெரிய நிறுவனங்கள் இதையெல்லாம் கவனமாகச் சீர்செய்யத் தொடங்கின. 1982-இல் வந்த ஆடி 100, கண்ணாடிகளை உடலோடு ஒரே மட்டமாகப் பொருத்தி 0.30 என்ற அளவை எட்டியது அன்று பெரிய செய்தி.

காரைப் பாலிஷ் போட்டு வழவழப்பாக வைத்தால் மைலேஜ் கூடுமா?

கூடாது. உடலின்மேல் காற்று உரசுவதால் வரும் தடை காரைப் பொறுத்தவரை சிறிய பங்குதான். ஆத்தங்குடிக் கல்லைப் போல வழவழப்பாக்கினாலும் பின்னால் இருக்கும் சுழல் பை அப்படியே இருக்கும். பாலிஷ் பெயின்ட்டுக்கு நல்லது, அதற்காகப் போடுங்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடங்களில் காற்று எங்கெல்லாம் மாட்டிக்கொள்கிறது?

சக்கரங்களிலும் சக்கரக் குழிகளிலும் மட்டும் ஏறத்தாழ கால் பங்குத் தடை உண்டாகிறது. சுழலும் சக்கரம் ஒரு மோசமான விசிறி. புதிய மின்சாரக் கார்களில் சக்கரத்தின் துளைகள் குறைந்து தட்டையான மூடி வருவதற்கு இதுவே காரணம். அடிப்பக்கம் அடுத்தது: சைலன்சர் குழாயும் அச்சும் குறுக்குச் சட்டங்களும் தொங்கும் அடிப்பக்கத்தில் காற்று முட்டி மோதிப் போகிறது. அதைத் தட்டையான பலகையால் மூடினால் நல்ல பலன் உண்டு. காரைத் தாழ்த்தினாலும் பலன் உண்டு. ஆனால் நம் ஊர்களின் வேகத்தடைகளையும் மழைக்காலத்தில் கண்மாய் நிரம்பிச் சாலையில் வழியும் நீரையும் நினைத்தால், தரையிடைவெளியைக் குறைக்கும்படி யாருக்கும் நான் சொல்ல மாட்டேன். ரேடியேட்டருக்குள் நுழையும் காற்று உள்ளே அலைக்கழிந்து வேகம் இழந்து வெளியேறுகிறது. அதனால்தான் சில புதிய கார்களில் எஞ்சின் சூடு குறைவாக இருக்கும்போது கிரில் தானாக மூடிக்கொள்கிறது. பக்கக் கண்ணாடிகள் சில சதவீதம்.

முன்னால் கம்பித் தடுப்பு பொருத்துவதைப் பற்றியும் கேட்கிறார்கள். காற்றுத் தடை அதில் சிறிய குறைதான். மோதலின்போது பம்பர் நசுங்கிச் சக்தியை உறிஞ்ச வேண்டிய ஏற்பாட்டை அது கெடுத்துவிடும். நடந்து போகிறவர்களுக்கும் ஆபத்து. 2017-இல் மத்தியச் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்கும்படி மாநிலங்களுக்கு எழுதியது.

வேகமாகப் போகும்போது கார் இலேசாவது போலத் தோன்றுவது மனப்பிரமையா?

பிரமை இல்லை. நம் பெரிய வீடுகளில் முகப்பிலிருந்து வளவை (நடு முற்றத்தை)க் கடந்து பின்கட்டு வரை நிலைவாசல்கள் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். வளவில் நிதானமாக உலவுகிற காற்று, குறுகிய நிலைவாசலைக் கடக்கும்போது வேட்டி நுனி படபடக்கும்படி வேகம் எடுப்பதை அங்கே வளர்ந்தவர்கள் அறிவார்கள். அகலமான இடத்திலிருந்து ஒடுங்கிய இடத்துக்கு வரும் காற்று வேகம் எடுக்கும். வேகம் எடுத்த இடத்தில் அதன் அழுத்தம் குறையும். காரின் வளைந்த கூரைமேல் காற்று இப்படித்தான் வேகம் எடுக்கிறது. மேலே அழுத்தம் குறைவதால் கார் சற்று மேலே தூக்கப்படுகிறது. 100 கிலோமீட்டரில் இது பொருட்படுத்தத் தக்கதன்று; 200-ஐ நெருங்கும்போது நான்கு மடங்காகி, பின் சக்கரங்களின் பிடி தளரத் தொடங்கலாம். 1998-இல் வெளியான ஆடி டிடி காரின் முதல் வடிவம், ஜெர்மனியின் வேகச் சாலைகளில் சில கடுமையான விபத்துகளுக்கு உள்ளான பிறகு, பின்னால் சிறு ஸ்பாய்லரும் (காற்றின் ஓட்டத்தைத் திருத்தும் தகடு) மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடும் சேர்த்துத் திருத்தப்பட்டது. பார்வைக்கு ஒரு விரல் அகலச் சேர்க்கைதான், வேலையோ பெரிது.

பந்தயக் கார்கள் இதே காற்றை எப்படித் தமக்குச் சாதகமாக்கிக்கொள்கின்றன?

விமான இறக்கையைத் தலைகீழாக்கினால் அது தூக்குவதற்குப் பதிலாக அழுத்தும். 1960-களில் ‘சப்பரால்’ என்ற பெயருடைய பந்தயக் கார்களில் ஜிம் ஹால் என்பவர் உயரமான இறக்கையைப் பொருத்தி இதைக் காட்டினார். அதைவிட ஆழமான யோசனை லோட்டஸ் அணியிடமிருந்து வந்தது: காரின் அடிப்பக்கத்தையே தலைகீழ் இறக்கையாக வளைத்து, தரைக்கும் காருக்கும் இடையே ஒடுங்கும் பாதையில் காற்றை ஓடவிட்டு, பக்கங்களைத் தொங்கும் தட்டுகளால் அடைத்துவிட்டார்கள். நிலைவாசலில் நடப்பதே காருக்கு அடியில் நடந்தது. கார் சாலையோடு உறிஞ்சிக்கொண்டது. 1978-இல் லோட்டஸ் 79-ஐ ஓட்டி மாரியோ ஆண்ட்ரெட்டி உலகப் பட்டம் வென்றார். பக்கத் தட்டு சற்றுத் தூக்கினாலும் அந்தப் பிடி ஒரே நொடியில் போய்விடும் என்பதால், 1983 முதல் ஃபார்முலா 1 கார்களின் அடிப்பக்கம் தட்டையாக இருக்க வேண்டும் என்று விதி வந்தது. 2022-இல் வேறு கட்டுப்பாடுகளோடு அந்த வளைந்த அடிப்பக்கம் திரும்பி வந்தபோது, கார்கள் நேர்ச்சாலையில் மேலும் கீழும் குதிக்கத் தொடங்கியதைப் பலரும் பார்த்தார்கள்.

இங்கே ஓர் உண்மை மாணவர்களை வியக்க வைக்கும். ஃபார்முலா 1 காரின் இழுவைக் கெழு நம் வீட்டுக் காரின் கெழுவைப் போல இரு மடங்கு. வளைவில் வழுக்காமல் திரும்ப வேண்டும் என்பதற்காக அவர்கள் காற்றுத் தடையை விலையாகக் கொடுத்துப் பிடியை வாங்குகிறார்கள். கோயம்புத்தூரின் நரேன் கார்த்திகேயன் 2005-இல் ஃபார்முலா 1-இல் ஓட்டிய முதல் இந்தியரானபோது அவர் ஓட்டியதும், தன் எடையைவிடக் கூடுதலான விசையோடு காற்றால் தரையில் அழுத்தப்படும் அப்படிப்பட்ட ஒரு காரைத்தான்.

கடையில் விற்கும் ஸ்பாய்லரை என் காரில் பொருத்தலாமா?

அழகுக்காக என்றால் உங்கள் விருப்பம். பலனுக்காக என்றால் வேண்டாம். தயாரிப்பாளர் பொருத்தித் தரும் ஸ்பாய்லரின் நீளமும் சாய்வும் காற்றுச் சுரங்கத்தில் அந்தக் காருக்கென்றே அளந்து தீர்மானிக்கப்பட்டவை. ஹேட்ச்பேக் காரின் கூரை விளிம்பில் உள்ள சிறு நீட்சி, காற்று ஒழுங்காகப் பிய்ந்து போகும்படி செய்து சுழல் பையைச் சிறிதாக்குகிறது. டிக்கிமேல் கால்கள் வைத்து உயர்த்திய இறக்கை வேறு வகை. முன் சக்கர இயக்கமுள்ள காரின் பின்னால் அதைப் பொருத்தி 80 கிலோமீட்டரில் ஓட்டினால் எடையும் தடையும்தான் மிச்சம்.

கூரைக் கேரியரில் சாமான் ஏற்றினால் உண்மையில் எவ்வளவு பாதிப்பு?

நாம் நினைப்பதைவிட மிக அதிகம். நம் பக்கத்துத் திருமணங்களில் சீர்ச் சாமான்களைக் கேரியரில் அடுக்கித் தார்ப்பாய் போட்டுக் கட்டுவது வழக்கம். அந்தக் குவியல் ஒரு மீட்டர் அகலமும் நாற்பது சென்டிமீட்டர் உயரமும் உள்ள பெட்டி என்று வைத்துக்கொண்டால், பெட்டி வடிவத்துக்குக் கெழு 1-ஐ ஒட்டியது என்பதால், காரின் காற்றுத் தடை பாதிக்கு மேல் கூடிவிடுகிறது. போதாததற்கு அது கூரைமேல் காற்று மிக வேகமாக ஓடும் இடத்தில் இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் தேவகோட்டைக்கு ஒரு திருமணத்துக்காகத் திருச்சியிலிருந்து வந்துகொண்டிருந்தபோது, நான் கட்டிய கயிறே வழியில் தளர்ந்தது. தார்ப்பாய் முதலில் பக்கவாட்டில் படபடக்கவில்லை. நடுவில் பலூன்போல மேலே உப்பியது. மேலே ஓடும் காற்றின் அழுத்தம் குறைந்து, உள்ளே அகப்பட்ட காற்றின் அழுத்தம் கூடியதுதான் காரணம். உடனே ஓரம் கட்டி, குறுக்கும் நெடுக்குமாக மறுபடி கட்டி, மீதி வழியை 60-இல் வந்து சேர்ந்தோம். அன்று முதல் பாத்திரங்களுக்குத் தனி வண்டி ஏற்பாடு செய்துவிடுகிறேன். ஏற்றித்தான் ஆக வேண்டும் என்றால் குவியலைத் தாழ்வாக அடுக்குங்கள், முன்பக்கத்தைச் சரிவாக்குங்கள், வேகத்தைக் குறையுங்கள். வேலை முடிந்ததும் வெறும் கேரியரையும் கழற்றி வையுங்கள். உருண்டைக் கம்பிகள் சும்மா நின்றாலும் காற்றைத் தடுக்கும், இரைச்சலும் போடும்.

கண்ணாடியை இறக்கி ஓட்டுவதா, ஏசி போடுவதா?

ஊருக்குள் கண்ணாடியை இறக்கலாம். நெடுஞ்சாலையில் கண்ணாடியை ஏற்றி ஏசி போடுங்கள். ஏசியின் சுமை வேகத்தோடு பெரிதாகக் கூடுவதில்லை; திறந்த சன்னலின் தடை வேகத்தின் இருபடியாகக் கூடுகிறது.

ஆடிக் காற்றில் கார் ஏன் பக்கவாட்டில் தள்ளப்படுகிறது? பெரிய பஸ் கடக்கும்போதும் அப்படி ஆவது ஏன்?

ஆடியில் தென்மேற்குக் காற்று பொட்டல்களையும் வறண்ட கண்மாய்களையும் தாண்டித் தடையின்றி வருகிறது. பக்கக் காற்று காரைத் தள்ளும் மையம் பெரும்பாலும் காரின் எடை மையத்துக்கு முன்னால் அமைவதால், கார் வெறுமனே நகராமல் முகமும் திரும்பப் பார்க்கிறது. உயரமான வேன்களுக்கும் கூரையில் சுமை ஏற்றிய வண்டிகளுக்கும் இது கடுமை. மரவரிசையோ கட்டடமோ முடிந்து வெட்டவெளி தொடங்கும் இடம்தான் ஆபத்தானது. அங்கே காற்று படிப்படியாக வராமல் ஒரே அடியாக அடிக்கும். இரு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, சிறு திருத்தங்களாகச் செய்தால் போதும். வெடுக்கென்று திருப்பக் கூடாது.

பஸ் முந்தும்போது நடப்பது இரண்டு கட்டம். அதன் முகத்துக்கு முன்னே குவிந்த உயர் அழுத்தம் உங்களை முதலில் வெளியே தள்ளும். அதன் உடல் பக்கத்தில் வரும்போது குறைந்த அழுத்தம் உள்ளே இழுக்கும். தள்ளலுக்கு எதிராக ஸ்டியரிங்கை வலிந்து திருப்பியவர், அடுத்த நொடி வரும் இழுப்பில் பஸ்ஸின் பக்கமே போய்விடுவார். இதைத் தெரிந்து வைத்திருப்பதே பாதிப் பாதுகாப்பு.

லாரிக்குப் பின்னால் ஒட்டிப் போனால் டீசல் மிச்சம் என்கிறார்களே?

இயற்பியல் சரி, செயல் தவறு. லாரியின் சுழல் பைக்குள் நுழைந்தால் உங்களுக்குக் காற்றுத் தடை குறையும்தான். ஆனால் பலன் தெரியும் அளவுக்கு நெருங்கினால், லாரி பிரேக் போடும்போது நிறுத்தத் தூரம் இருக்காது. இரவில் சாலையோரம் நிற்கும் கரும்பு டிராக்டரைத் தவிர்க்க லாரி விலகினால், உங்களுக்கு அது தெரியவே தெரியாது. இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

மின்சாரக் கார் ஊருக்குள் நல்ல தூரம் தருகிறது, நெடுஞ்சாலையில் குறைந்துவிடுகிறது. பெட்ரோல் காருக்கு நேர்மாறாக இருப்பது ஏன்?

பெட்ரோல் எஞ்சின் நின்று நின்று ஓடும்போது மிகவும் வீணடிக்கும். சீரான ஓட்டத்தில் அதன் திறமை கூடும். அந்த ஆதாயம் காற்றுத் தடையின் செலவை ஓரளவு மறைத்துவிடுகிறது. மின்மோட்டார் எல்லா வேகங்களிலும் திறமையானது. பிரேக் போடும்போது ஓட்டத்தின் ஆற்றலையும் ஓரளவு மீட்டு பேட்டரிக்கு அனுப்புகிறது. ஆகவே ஊருக்குள் அதற்கு இழப்பு குறைவு. காற்றுக்குக் கொடுத்த ஆற்றலை மட்டும் எந்த மோட்டாரும் மீட்க முடியாது.

கணக்கிட்டுப் பார்ப்போம். காரைக்குடியிலிருந்து சென்னை சுமார் 400 கிலோமீட்டர். நம் காருக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் காற்றுத் தடை 210 நியூட்டன், 100-இல் 330 நியூட்டன். அந்த 120 நியூட்டன் வேறுபாடு மட்டுமே வழி முழுவதற்கும் 13 யூனிட்டுக்கு மேல் கூடுதல் செலவு வைக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறத்தாழ 9 யூனிட் ஆற்றல் அடங்கியிருக்கிறது என்பதால், 40 யூனிட் பேட்டரி என்பது நாலரை லிட்டர் டாங்க் போல. அவ்வளவு சிறிய டாங்கை வைத்துக்கொண்டு காற்றோடு மல்லுக்கு நிற்க முடியாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996-இல் கொண்டுவந்த இவி1 மின்சாரக் காருக்கு 0.19 என்ற கெழு இருந்ததும், 2021-இல் வந்த மெர்சிடிஸ் இகியூஎஸ் 0.20-ஐ எட்டியதும் இந்த நெருக்கடியால்தான். நேரு 1948-இல் அடிக்கல் நாட்டிய நம் ஊர் சிக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்) ஆய்வகத்தில் பேட்டரி ஆராய்ச்சி நடக்கிறது. பேட்டரியில் ஒவ்வொரு சதவீதத்தையும் கூட்ட வேதியியலாளர்கள் எவ்வளவு உழைக்கிறார்கள் என்பதை அறிந்தவன் என்ற முறையில், அந்த உழைப்பைக் கூரைக் கேரியரிலும் 120 கிலோமீட்டர் வேகத்திலும் நாம் கரைப்பது எனக்கு மனவருத்தம் தருகிறது.

வெயில் காலத்தில் காற்றுத் தடை மாறுமா?

சிறிது மாறும். சூடான காற்று அடர்த்தி குறைந்தது. மார்கழிக் காலை 22 பாகைக்கும் சித்திரை மதியம் 38 பாகைக்கும் இடையே சுமார் 5 சதவீத வேறுபாடு வரும். எதிர்க்காற்று இதைவிடப் பெரிய விஷயம்: 80-இல் போகும்போது 20 கிலோமீட்டர் எதிர்க்காற்று அடித்தால், காற்றைப் பொறுத்தவரை நீங்கள் 100-இல் போகிறீர்கள்.

காற்றுச் சுரங்கம் இல்லாத ஊரில் மாணவர்கள் இதை எப்படிச் சோதித்துப் பார்ப்பது?

பெரிய சோதனைகளுக்குச் சென்னையில் ஐஐடியிலும் குரோம்பேட்டை எம்ஐடியிலும் காற்றுச் சுரங்கங்கள் இருக்கின்றன. ஊரிலேயே செய்யத்தக்கது நூல் சோதனை. பத்து சென்டிமீட்டர் நீளக் கம்பளி நூல் துணுக்குகளை, கையகல இடைவெளி விட்டு, காரின் கூரையிலும் பின் கண்ணாடியிலும் டிக்கியிலும் ஒரு முனையை மட்டும் ஒட்டுங்கள். உரிமையாளரின் அனுமதியோடு, போக்குவரத்து இல்லாத தனியார் இடத்தில் ஒருவர் காரை 50 கிலோமீட்டரில் ஓட்ட, ஓரமாக நின்று இன்னொருவர் படம் பிடிக்கட்டும். காற்று ஒட்டி ஓடும் இடத்தில் நூல் பின்னோக்கி நேராகப் படிந்திருக்கும். பிய்ந்த இடத்தில் துடிக்கும், சில இடங்களில் முன்னோக்கியே திரும்பும். போன ஆண்டு எங்கள் மாணவர்கள் ஒரு ஹேட்ச்பேக் காரில் இதைச் செய்தபோது, கூரையில் எல்லா நூல்களும் படிந்து கிடக்க, பின் கண்ணாடியின் அடிப்பகுதியில் இருந்தவை மேல்நோக்கி நின்றன. புழுதி ஏறும் பாதை அது. படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, நூல்கள் திசை மாறும் கோட்டைச் சாக்கட்டியால் கண்ணாடியில் வரைந்து வைத்தார்கள்.